மிதிப்பவரிடம் கேட்காத கேள்வி

ஜாவாத் தீவின் யோக்யகர்த்தா நகரில் ரயிலை விட்டு இறங்கிச் சற்று நடந்தால் மாலியோபோரோ சாலை வந்துவிடும். நேர் தெற்கே சுல்தானின் அரண்மனையை நோக்கிப் போகும் கடைவீதி அது. அதன் ஓரங்களில் பெச்சாக்குகள் காத்து நிற்கும். மூன்று சக்கர மிதிவண்டிகள்; இரண்டு சக்கரங்கள் முன்னால், ஒன்று பின்னால். முன்சக்கரங்களுக்கு நடுவே தாழ்வான இருக்கையில் இருவர் நெருக்கி உட்காரலாம். மேலே மடக்குக் கூரை உண்டு. மழை வந்தால் முன்பக்கம் ஒரு பிளாஸ்டிக் தாளை இறக்கிவிடுவார்கள். மிதிப்பவரின் இடம் பயணிக்குப் பின்னால், உயரத்தில்.

இந்த அமைப்பில் பயணிக்குக் கிடைப்பது மறைப்பில்லாத வீதிக்காட்சி. மிதிப்பவரின் முகமோ முதுகோ அவர் கண்ணில் படுவதில்லை. நம் ஊர் சைக்கிள் ரிக்‌ஷாவில் வண்டிக்காரர் முன்னால் இருப்பார். சட்டை நனைவது, மேட்டில் சீட்டை விட்டு எழுந்து உடம்பையே மிதியில் சாய்ப்பது எல்லாம் கண்ணெதிரே நடக்கும். யோக்யகர்த்தாவிலும் பினாங்கிலும் ஹனோயிலும் உழைப்பு பின்னால் நிற்கிறது. பயணிக்குக் கேட்பது மூச்சுச் சத்தம் மட்டுமே.

ஆனாலும் ஏறி உட்காரும் முன் பலருக்கு மனம் இடறுகிறது. தன்னைவிட வயதில் மூத்த, மெலிந்த ஒருவர் மிதிக்க, தான் சாய்ந்து உட்கார்ந்து போவது சரிதானா? சிலர் வேண்டாம் என்று கைகூப்பிவிட்டு நடந்துவிடுகிறார்கள். சிலர் அவருக்கும் பிழைப்பு வேண்டுமே என்று ஏறிக்கொள்கிறார்கள். இரண்டு தரப்பும் நல்ல மனத்திலிருந்தே முடிவெடுக்கின்றன. அதனாலேயே இரண்டையும் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நடந்துபோகிறவரின் தரப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். மனிதனை மனிதன் சுமப்பது இழிவு, அதில் பங்கேற்க மாட்டேன் என்பது அவர் நிலை. இதற்கு நம் மரபிலேயே ஆழமான வேர் இருக்கிறது. திருப்பூந்துருத்திக்கு வந்த திருஞானசம்பந்தரின் சிவிகையைத் திருநாவுக்கரசர் கூட்டத்தோடு கூட்டமாகத் தோள் கொடுத்துத் தாங்கினார் என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. அப்பர் எங்கே என்று கேட்ட சம்பந்தர், அவர் தன்னைச் சுமந்துகொண்டிருக்கிறார் என்று அறிந்ததும் பதறிப்போய் இறங்கினார். அந்தப் பதற்றத்தின் அழகை மறுக்க முடியாது. ஆனால் அதே சிவிகைக்கு வேறு தோள்களும் இருந்தன. அவர்களுக்காக யாரும் இறங்கவில்லை. தாங்கியவர் யார் என்ற அறிவு வந்த கணத்தில்தான் சுமை சுமையாகத் தெரிந்தது. பெச்சாக்கில் ஏறும் வெளியூர்ப் பயணியும் ஓட்டுநரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். ஓட்டுநர் பார்வைக்கும் அப்பாற்பட்டவர். ஆகவே இங்கே பதற்றம் தானாக வரும் என்று காத்திருக்க முடியாது. யோசித்துத்தான் வர வேண்டும்.

சிவிகை சுமப்பவனையும் அதில் ஊர்பவனையும் பேசும் 37ஆம் குறளைப் பற்றி உரையாசிரியர்கள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. பரிமேலழகர் அந்த இருவரின் நிலையிலேயே அறத்தின் பயனைக் காணலாம் என்றார். அப்படிப் பார்ப்பதே அறமாகாது என்று அதைத் திருப்பிப் படிப்பவர்களும் உண்டு. ஒருவன் மேலேயும் ஒருவன் கீழேயும் இருப்பது முன்வினைக் கணக்கு என்று சொல்லிவிட்டால் கேள்வியே அடங்கிவிடுகிறது. அதனால் இரண்டாவது வாசிப்பின் பக்கமே நிற்கத் தோன்றுகிறது.

இருந்தாலும் நடந்துபோகிறவரின் தரப்பில் ஓர் ஓட்டை இருக்கிறது. அவர் அன்றிரவு தங்கும் விடுதியின் செங்கல்லையும் யாரோ தலையில் சுமந்து மாடி ஏற்றினார்கள். அவர் உண்ணும் சோற்றுக்கு யாரோ இடுப்பொடியக் குனிந்து நாற்று நட்டார்கள். அந்த உடல்களின் தேய்மானம் அவரைச் சங்கடப்படுத்துவதில்லை. அவை வேறெங்கோ, வேறு நேரத்தில் நடந்து முடிந்துவிட்டன. பெச்சாக்கில் மட்டும் சுமையே அவராக இருக்கிறார். அதனால் கூச்சம் வருகிறது. அவர் நடந்துவிட்டால் கூச்சம் தீர்ந்துவிடும். ஓட்டுநருக்கோ ஒரு சவாரி போயிற்று. மறுத்தவரின் மனம் லேசான அளவுக்கு ஓட்டுநரின் அன்றைய நாள் லேசாகவில்லை.

ஏறிக்கொள்கிறவரின் தரப்பிலும் ஓட்டை உண்டு. பிழைப்பு கொடுக்கிறேன் என்ற வாதத்தை நீட்டிக்கொண்டே போனால் அது எதையும் நியாயப்படுத்தும். பல்லக்குத் தூக்கியவர்களுக்கும் அது பிழைப்புத்தான். பிழைப்பு என்ற ஒரே சொல்லால் அறக்கணக்கை முடிக்க முடியாது. சுமப்பவர் மறுக்க முடியுமா, கூலியை அவர் சொல்ல முடியுமா, வேண்டாம் என்று தோன்றும் நாளில் அவருக்கு விட்டுப்போக வழி இருக்கிறதா? பிறப்பால் சுமத்தப்பட்ட ஊழியத்துக்கும் ஒரு தொழிலுக்கும் இடையிலுள்ள வேறுபாடு இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது. பெச்சாக் வரலாற்றை இந்தக் கேள்விகளோடு அணுகினால், பயணி ஏறலாமா கூடாதா என்பது சிறிய கேள்வியாகிவிடுகிறது. அந்தக் கால்களைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்பது பெரிதாகி முன்னே வருகிறது.

மனிதர் கையால் இழுத்து ஓடும் ரிக்‌ஷா 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜப்பானில் பிறந்து ஆசியத் துறைமுகங்களுக்குப் பரவியது. 1880இல் சிங்கப்பூருக்கு வந்தது. அதை இழுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தெற்குச் சீனத்திலிருந்து வந்த ஏழைகள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1947இல் சிங்கப்பூர் அதை ஒழித்தது. அதன் இடத்தை மூன்று சக்கர மிதிவண்டி பிடித்தது. இழுப்பதைவிட மிதிப்பது மனிதத்தன்மைக்கு ஒரு படி அருகில் என்று அப்போது எண்ணினார்கள், அது தவறான எண்ணமும் அல்ல. பத்தாவியா என்றிருந்த ஜகார்த்தாவில் பெச்சாக் 1930களின் பிற்பகுதியில் தலைகாட்டியது. ஜப்பானிய ஆக்கிரமிப்பில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது பெருகியது. 1939 வாக்கில் நோம்பென்னில் கூப்போ என்ற பிரெஞ்சுக்காரர் அறிமுகப்படுத்திய சைக்ளோ சைகோனுக்கும் ஹனோய்க்கும் சென்றது. ஆக, பழமையின் சின்னமாக இன்று காட்டப்படும் இந்த வண்டிகளுக்கு வயது நூறுகூட ஆகவில்லை. பின்னால் வரப்போகும் ஒரு வாதத்துக்கு இது முக்கியம்.

மிதிப்பது எளிது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். ஆரோக்கியமான ஒருவர் மணிக்கணக்கில் தொடர்ந்து தரக்கூடிய திறன் ஏறத்தாழ 75 முதல் 100 வாட் வரைதான். பழைய குண்டு பல்பு ஒன்று எரியும் அளவு. அதை வைத்துக்கொண்டு இரும்புச் சட்டத்தையும் இரண்டு பெரியவர்களையும் அவர்களின் பெட்டிகளையும் நிலநடுக்கோட்டு வெயிலில் நகர்த்த வேண்டும். பெச்சாக்கில் கியர் கிடையாது. சிறு பாலத்தின் ஏற்றத்தில்கூட ஓட்டுநர் இறங்கித் தள்ள நேரும்.

இந்த உழைப்பை இழிவென்று தீர்ப்பளித்து ஒரு மாநகரமே செயல்பட்ட வரலாறு ஜகார்த்தாவுடையது. 1970ஐ ஒட்டி அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெச்சாக்குகள் ஓடியதாக மதிப்பீடு. ஆளுநர் அலி சாடிகின் காலத்தில் கட்டுப்பாடுகள் தொடங்கின: இன்ன சாலையில் வரக்கூடாது, புதிதாகச் செய்யக்கூடாது. 1980களில் அது வேட்டையாக மாறியது. லாரிகளில் அள்ளிக்கொண்டு போன பல்லாயிரம் பெச்சாக்குகளைப் படகேற்றி ஜகார்த்தா விரிகுடாவில் கொட்டினார்கள். மீன்கள் தங்க உதவும் என்று அதற்கொரு காரணமும் சொல்லப்பட்டது. 1988இல் வந்த பொது ஒழுங்கு விதி தடையை உறுதி செய்தது. போக்குவரத்து நெரிசல், நவீன நகரத்தின் தோற்றம் ஆகியவற்றோடு அடிக்கடி எடுத்துரைக்கப்பட்ட காரணம் இது: மனிதனை மனிதன் மிதித்து இழுப்பது மனிதனை மனிதன் சுரண்டுவது.

அந்த வாசகத்தில் உண்மை இருக்கிறது. ஓட்டுநர்களில் பெரும்பாலோர் வண்டிக்குச் சொந்தக்காரர்கள் அல்ல. ஜுராகான் எனப்படும் முதலாளியிடம் நாள் வாடகைக்கு எடுப்பார்கள். செத்தோரான் என்ற அந்த வாடகையைச் சவாரி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கட்டியாக வேண்டும். முதல் பல மணிநேர மிதிப்பு முதலாளிக்கு. மிச்சம் கிடைத்தால் வீட்டுக்கு. சுரண்டல் என்ற சொல் பொருந்துவது இந்த வாடகைக்கு. அரசு அதைத் தொட்டிருக்கலாம்: ஓட்டுநருக்கே வண்டி சொந்தமாகக் கடன் கொடுத்திருக்கலாம், வாடகைக்கு உச்சவரம்பு வைத்திருக்கலாம். அதைச் செய்யாமல் வண்டியைக் கடலில் போட்டது. மாற்று வேலை பற்றிய வாக்குறுதிகள் இருந்தன; வண்டி போன வேகத்தில் வேலை வரவில்லை. கண்ணியத்தின் பெயரால் நடந்த இந்தச் செயலில், கண்ணியம் யாருக்காக மீட்கப்பட்டதோ அந்த மனிதர்களிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை.

தமிழ்நாட்டில் 1973இல் மு. கருணாநிதி அரசு கை ரிக்‌ஷாவை ஒழித்தபோது இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்‌ஷா வழங்கியது. அந்தச் சைக்கிள் ரிக்‌ஷாவும் உடலைத் தேய்க்கும் வண்டிதான். ஆனாலும் ஒன்றை எடுத்த கை இன்னொன்றைக் கொடுத்தது. இழிவை ஒழிப்பதற்கும் இழிவடைந்தவரை ஒழிப்பதற்கும் இடையே இருப்பது இந்த ஒரு கை நீட்டல்தான்.

1998இல் இந்தோனேசியப் பொருளாதாரம் சரிந்து வேலைகள் கொத்துக் கொத்தாகப் போயின. அப்போது ஆளுநர் சுதியோசோ பெச்சாக்குகளைத் தற்காலிகமாக அனுமதித்தார். கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வண்டியோடு வந்து சேர்ந்தார்கள். சிறிது காலத்தில் அனுமதி திரும்பப் பெறப்பட்டது. மறுபடி பறிமுதல், மறுபடி போராட்டம். பத்தாண்டுகளுக்கு முன் மனித கண்ணியத்துக்கு எதிரானதாக இருந்த தொழில், பசி வந்தபோது ஏற்புடையதாகி, பசி சற்றுத் தணிந்ததும் திரும்ப இழிவானதாயிற்று. நகரத்துக்கு எப்போது எது வசதியோ அதன்படி அறம் மாறியது. 2018இல் அப்போதைய ஆளுநர் அனீஸ் பாஸ்வேடான் குறிப்பிட்ட சில குடியிருப்புகளுக்குள் மட்டும் பெச்சாக்கை அனுமதிக்க முன்வந்தபோது எழுந்த எதிர்ப்பிலும் பழைய வாசகங்கள் அப்படியே ஒலித்தன.

யோக்யகர்த்தாவின் கதை இதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறது. அங்கே பெச்சாக்கை யாரும் கடலில் போடவில்லை. அதைப் போற்றுகிறார்கள். 2016இல் யோக்யகர்த்தா சிறப்புப் பிரதேசம் பெச்சாக்கையும் ஆண்டோங் என்ற குதிரை வண்டியையும் மரபுப் போக்குவரத்தாக ஏற்று விதி இயற்றியது. அரண்மனையையும் மாலியோபோரோவையும் ஒரே நேர்கோட்டில் கொண்ட நகர அச்சு 2023இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. சுற்றுலா விளம்பரங்களில் பெச்சாக் இல்லாத யோக்யகர்த்தா அரிது.

ஓட்டுநர்களில் பலர் பந்துல், குனுங் கிடுல் போன்ற சுற்றுப்புறங்களிலிருந்து வந்தவர்கள். இரவில் வண்டியிலேயே கால்களை மடக்கித் தூங்கி, சில நாள்களுக்கு ஒருமுறை ஊருக்குப் போய் வருகிறவர்களும் அவர்களில் உண்டு. பெரும்பாலோர் முதுமையை நெருங்கியவர்கள் அல்லது எட்டிவிட்டவர்கள். இளைஞர்கள் இந்தத் தொழிலுக்கு வருவதில்லை. இவர்களில் பலர் கண்டுபிடித்துக்கொண்ட தீர்வு எளிமையானது. பழைய மோட்டார் சைக்கிளின் பின்பாதியை வெட்டி பெச்சாக்கின் முன்பாதியோடு பற்றவைத்துக்கொண்டார்கள். முழங்கால் தப்பியது, தூரமும் போக முடிந்தது. ஆனால் அந்த மோட்டார் பெச்சாக்குக்குச் சட்டத்தில் இடமில்லை. பதிவு கிடையாது, பாதுகாப்புச் சோதனை கிடையாது, மரபுக்கும் பொருந்தாது. போலீஸ் அவ்வப்போது பிடிக்கும்; ஓட்டுநர்கள் அவ்வப்போது ஊர்வலம் போய் அங்கீகாரம் கேட்பார்கள். மிதி பெச்சாக்காரர்களுக்கும் மோட்டார் பெச்சாக்காரர்களுக்கும் இடையே சவாரிக்காகப் பூசலும் வளர்ந்தது.

அந்த வண்டியில் பாதுகாப்புக் குறை உண்டென்பது மெய். பயணி முன்னால் எந்தத் தடுப்பும் இல்லாமல் உட்கார்ந்திருக்க, பின்னாலிருந்து எஞ்சின் தள்ளுவது ஆபத்து. அந்தக் காரணத்துக்காகக் கட்டுப்படுத்தினால் ஏற்கலாம். மரபு கெடுகிறது என்ற காரணத்தை ஏற்பது கடினம். எண்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன் பெட்ரோல் கிடைக்காத கொடுமையில் பெருகிய ஒரு வண்டியை, பெட்ரோல் கிடைக்கும் காலத்திலும் காலாலேயே மிதி என்று கேட்பது எந்த மரபைக் காக்கிறது? காக்கப்படுவது பார்க்கிறவரின் கண்ணுக்கு இதமான ஒரு காட்சி. அதற்கான செலவு ஒரு முதியவரின் மூட்டில் கழிகிறது. ஜகார்த்தா மிதிக்காதே என்றது, யோக்யகர்த்தா மிதித்துக்கொண்டே இரு என்கிறது. முன்னதன் கொடுமை எல்லோர் கண்ணுக்கும் தெரியும். பின்னது பாராட்டின் வடிவில் வருவதால் தெரிவதில்லை.

பெச்சாக் முன்பு காட்சிப்பொருளாக இருந்ததில்லை. மாலியோபோரோவின் தென்முனையில் பெரிங்ஹார்ஜோ என்ற பெரிய சந்தை இருக்கிறது. காய்கறிக் கூடைகளோடும் துணி மூட்டைகளோடும் வந்து போகும் வியாபாரிப் பெண்களுக்கு பெச்சாக்தான் வண்டி. பள்ளிப் பிள்ளைகளுக்கு மாத வாடகைக்கு அமர்த்திய பெச்சாக் உண்டு. அங்கே பயணியும் ஓட்டுநரும் ஏறக்குறைய ஒரே வருமானத்துக்காரர்கள். இருவரும் ஒருவரை ஒருவர் அறிவார்கள். கூலி இருவருக்கும் பழக்கமான தொகை. இந்த உறவில் இழிவின் வாசனையே இல்லை. 2015இல் கோஜெக் செயலி வந்த பிறகு அந்த அன்றாடப் பயணிகள் மலிவான, விரைவான மோட்டார் சைக்கிள் சவாரிக்கு மாறத் தொடங்கினார்கள். மிஞ்சியவர்களில் பெரும்பங்கு சுற்றுலாப் பயணிகள். ஊருக்குத் தேவையாக இருந்த தொழில், வந்துபோகிறவரின் விருப்பத்தை நம்பியதாக மாறிவிட்டது. இந்த மாற்றம்தான் ஓட்டுநரின் பேரம் பேசும் பலத்தைக் குறைத்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு கூலிப் பேச்சுக்கு வர வேண்டும்.

மாலியோபோரோவில் வியப்பூட்டும் அளவுக்குக் குறைந்த கூலிக்குச் சுற்றிக்காட்ட முன்வரும் ஓட்டுநர்கள் உண்டு. அந்தச் சவாரி பாத்திக் துணிக்கடைக்கும், பாசிப்பயறு பூரணம் வைத்த பாக்பியா விற்கும் கடைக்கும் போகும். பயணி எதையாவது வாங்கினால் ஓட்டுநருக்குக் கடைக்காரர் கமிஷன் கொடுப்பார். பயணிகள் பலர் இதை ஏமாற்று என்று கோபிக்கிறார்கள். கோபம் இடம் மாறி விழுகிறது. உண்மையான கூலியைக் கேட்டால் பயணி ஏறமாட்டார் என்ற பயத்திலிருந்து பிறந்த ஏற்பாடு அது. கூலியின் ஒரு பகுதியைக் கடைக்காரரிடம் வாங்கிக்கொள்ளும்படி ஓட்டுநரை நிறுத்தியது, நிறைவான கூலி தர மனமில்லாத பயணிகளின் கூட்டம். அந்தக் கமிஷன் துணியின் விலையில் ஏறி, கடைசியில் பயணியின் பையிலிருந்தே போகிறது. சில வேளை மெழுகு தொட்டுப் பாத்திக் துணி எழுதும் பெண்ணின் கூலியிலிருந்தும் போகக்கூடும். இடையில் ஓட்டுநர் மட்டும் கெட்ட பெயரைச் சுமக்கிறார்.

பேரம் பேசுவது ஜாவாவில் இயல்பான வழக்கம், ஓட்டுநரும் அதை எதிர்பார்த்தே சற்றுக் கூட்டிச் சொல்வார், பேசாமல் கொடுப்பதே அவமதிப்பு என்று சொல்கிறவர்கள் உண்டு. சந்தைப் பெண் பேரம் பேசினால் அந்த வாதம் பொருந்தும். நாளை அவர்கள் இடம் மாறி நிற்க நேரலாம், ஊர் அவர்களைச் சமன் செய்துவிடும். விமானச் சீட்டுக்குப் பெருந்தொகை கொடுத்து வந்தவர், ஒரு தேநீரின் விலையைக் குறைக்க ஒரு முதியவரிடம் வாதாடும்போது அந்தச் சமன் இல்லை. எவ்வளவு என்று ஏறும் முன் கேட்டு, சொன்னதை ஏற்கலாம். ஏற்க முடியாத தொகை என்றால் மரியாதையாக வேண்டாம் என்று சொல்லலாம். கீழே இறங்கிய பிறகு தகராறு செய்வது மட்டும் எந்தக் கணக்கிலும் நியாயமாகாது.

பசியில் கொடுத்த சம்மதத்தைச் சம்மதம் என்று எப்படி எடுத்துக்கொள்வது என்ற கேள்வி இன்னும் மிச்சம் இருக்கிறது. வேறு வழி இல்லாதவர் மிதிக்க ஒப்புக்கொண்டார் என்பதை அவருடைய விருப்பம் என்று கொண்டாடுவது கயமை. ஆனால் அந்தக் குறையை அடைக்க ஒரே வழி வேறு வழிகளை உண்டாக்குவது. இருக்கிற ஒரே வழியையும் அடைத்துவிட்டு, இனி நீ கட்டாயத்தில் மிதிக்க வேண்டியதில்லை என்று சொல்வதில் விடுதலை எதுவும் இல்லை. ஏற மறுக்கும் பயணியும் வண்டியைக் கடலில் போட்ட ஆளுநரும் அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரத்தில் இருந்தாலும், இந்த ஓரிடத்தில் ஒரே பிழையைச் செய்கிறார்கள்.

ஆகவே ஏறலாம் என்பதே இங்கே வந்து சேரும் முடிவு. ஆனால் ஏறுகிறவருக்கு ஏறிய பிறகும் வேலை இருக்கிறது. பெட்டிகளோடு ஒரு வண்டியில் மூன்று பேராகத் திணிந்துகொள்ளாமல் இரண்டாவது வண்டி பிடிக்க வேண்டும். ஏற்றத்தில் ஓட்டுநர் இறங்கித் தள்ளத் தொடங்கினால் தாமும் இறங்கிக்கொள்ள வேண்டும். வேண்டாம் உட்காருங்கள் என்று அவர் மறுப்பார், அந்த மறுப்பைத் தொழில் மரியாதையாக எடுத்துக்கொண்டு இறங்கி நடக்கலாம். ஓட்டுநரைப் பாக் என்று, தந்தைக்குரிய சொல்லால்தான் ஜாவாவில் அழைப்பார்கள். அப்படி அழைத்துவிட்டு அவர் மிதிக்கும் கோலத்தை அனுமதி கேட்காமல் படம் எடுக்காமல் இருப்பது அந்த அழைப்புக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதை. இவையெல்லாம் சிறிய காரியங்கள். ஒரு பயணியின் கைக்குள் இருப்பவை இவ்வளவுதான்.

அதற்கு மேலே உள்ளவை நகரத்தின் கையில் இருக்கின்றன. மிதியோடு மின்கலத்தின் துணையும் சேர்ந்த பெச்சாக்குகளை யோக்யகர்த்தா அண்மை ஆண்டுகளில் ஓட்டிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறது. வண்டியின் உருவம் மாறாது, புகை வராது, ஏற்றத்தில் முழங்காலுக்கு உதவி கிடைக்கும். ஜகார்த்தாவின் கடலுக்கும் மாலியோபோரோவின் காட்சிப்பொருளுக்கும் இடையில் இப்படியொரு வழி இருந்திருக்கிறது என்பது ஆறுதல். அந்த வண்டி யார் பெயரில் பதிவாகப் போகிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. மின்கலம் விலை கூடிய பொருள், சில ஆண்டுகளில் மாற்ற வேண்டியது. அதை வாங்கும் சக்தி ஓட்டுநருக்கு இல்லையென்றால் வண்டி திரும்பவும் ஒரு ஜுராகானிடம் போய்ச் சேரும், நாள் வாடகையும் முன்னைவிடக் கூடும். பொதுப்பணத்தில் செய்யும் வண்டியென்றால் ஓட்டுநர்களின் கூட்டுறவுக்கே அது சொந்தமாக வேண்டும், மின்கலம் மாற்றும் செலவும் அந்தத் திட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். மிதிக்க முடியாத வயது வந்தவருக்கு வண்டியை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப ஓர் ஓய்வூதியமும் வேண்டும். வடிவம், விலை, எந்தெந்த வீதி என்றெல்லாம் தீர்மானிக்கும் கூட்டங்களில் பெச்சாக் நிறுத்தங்களிலிருந்து ஆட்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். தீர்மானம் எழுதி முடித்த பிறகு கையெழுத்துப் போட அல்ல, எழுதத் தொடங்கும் முதல் நாளிலேயே.